அந்த நாலு படங்கள் என்னுடையவை, அண்ணா

அன்புள்ள அண்ணா,

அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் இந்தக் கடிதம் முழுக்கக் கோபம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ இருந்தவரை ஒரு தடவைகூட உன்னை ஒருமையில் கூப்பிட்டதில்லை. "சரிங்கண்ணா", "ஆகட்டுங்கண்ணா" என்றே முப்பத்திரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன். இனி அந்த மரியாதை கிடையாது. நீ, உன், உனக்கு என்றுதான் எழுதப்போகிறேன்.

மஞ்சள் காமாலை என்று தந்தி வந்து, அம்மாவும் நானும் திருப்பூரில் ரயில் ஏறி மெட்ராஸில் இறங்குவதற்குள் நீ போய்விட்டாய். உன்னோடு ஒரு பெரிய சண்டை போட வேண்டியிருந்தது. எத்தனையோ வருஷமாக மனசுக்குள்ளேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். உன் முகத்தைத் துணி போட்டு மூடிய பிறகு நான் யாரிடம் போய்ப் போடுவது?

அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உனக்கு மட்டும் எழுதிய கடிதங்களையெல்லாம் நீ மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தாய். இதை நாலு பேர் படிக்கட்டும்.

போன மாதம் மெட்ராஸில் உனக்கு நினைவுக் கண்காட்சி வைத்தார்கள். உன் படங்களை விற்றுக் கொடுத்துவந்த அதே கேலரிக்காரர்தான் ஏற்பாடு. ஓவியர் வேலுச்சாமி என்று வாசலில் பெரிதாக எழுதி, உன் போட்டோவுக்கு ரோஜா மாலை போட்டிருந்தார்கள். சுவரில் பதின்மூன்று படங்கள். அதில் ஒன்பது நீ போட்டவை, நாலு நான் போட்டவை. பதின்மூன்றுக்குக் கீழேயும் உன் பெயர்தான் இருந்தது.

இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். நீ மெட்ராஸ் ஓவியப் பள்ளிக்குப் போனபோது எனக்குப் பதினேழு வயது. உன் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் வழி செய்ய வேண்டும் என்று, பனியன் பெட்டிகளுக்கு லேபிள் படம் போடும் உன் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சிரிக்கும் குழந்தை, தாமரை, கப்பல், கழுகு என்று கம்பெனிக்காரர்கள் எது கேட்டாலும் போட்டேன். வாசலில் "வேலு ஆர்ட்ஸ்" பலகைதான் தொங்கியது. உள்ளே உட்கார்ந்து போடுவது தெய்வானை என்று அம்மாவுக்கும் லேபிள் ஏஜெண்ட் காதர் பாய்க்கும் மட்டும்தான் தெரியும். அவர்தான் படங்களை வாங்கிக்கொண்டு போய்ச் சிவகாசியில் அச்சடித்து வருவார்.

முதல் வருஷமே நான் ஒரு தப்புப் பண்ணினேன். லேபிளில் கீழே வலது மூலையில் ஒரு வெற்றுக் கட்டம் விட வேண்டும். ஒரே லேபிளைத்தான் எல்லா அளவுப் பெட்டிக்கும் ஒட்டுவார்கள், பனியன் எந்த அளவோ அந்த எண்ணை அந்தக் கட்டத்தில் ரப்பர் முத்திரையால் குத்துவார்கள். நான் கட்டம் விட மறந்து, குழந்தையின் முகத்தை அந்த மூலை வரைக்கும் நிரப்பிவிட்டேன். அச்சாகி வந்த பிறகு காதர் பாய் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "பாரு அம்மிணி, புள்ள கன்னத்துல முப்பத்திரண்டுன்னு விழுந்துருக்குது. இத எந்தக் கடைக்காரன் வாங்குவான்?" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், சிரித்துவிட்டார்.

அன்றையிலிருந்து எந்த அட்டையை எடுத்தாலும் முதல் வேலையாக அந்தக் கட்டத்தைப் பென்சிலில் போட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன். லேபிளானாலும் சரி, எனக்காகப் போட்டுக்கொண்ட படமானாலும் சரி. கை அப்படிப் பழகிவிட்டது. நடந்தது இவ்வளவுதான், இதில் தத்துவம் ஒன்றும் இல்லை.

ஆற்றுப் படத்தை அப்படித்தான் போட்டேன். நொய்யல் ஆற்று மணலில் சலவைக்காரர்கள் வெளுத்த பனியன் துணியை நீள நீளமாகக் காயப்போட்டிருப்பார்களே, ஒரு நாள் ஆற்றுக்குக் குறுக்கே இருக்கிற வளம் பாலத்து மேலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெயிலில் கண் கூசியது. வீட்டுக்கு வந்து, பெட்டி செய்கிற சாம்பல் நிற அட்டையில், லேபிளுக்கு வாங்கிய வெள்ளையை வைத்தே போட்டேன். வேறு அட்டை இல்லை, வேறு நிறமும் அவ்வளவாக இல்லை. கீழே வலது மூலையில் கட்டம் இருந்தது.

நீ பொங்கல் லீவுக்கு வந்து அதைப் பார்த்தாய்.  ஊருக்குக் கிளம்பும்போது செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாத்தியார்கிட்டக் காட்டிட்டு வர்றேன் அம்மிணி" என்றாய். அவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு. இரண்டு நாளைக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து உன் கடிதம் வந்தது. வருஷாந்தரக் கண்காட்சிக்கு இரண்டு படம் அனுப்ப வேண்டியிருந்ததாம், உன்னிடம் ஒன்றுதான் முடிந்திருந்ததாம், கடைசி நேரத்தில் ஆற்றுப் படத்தையும் உன் பெயரிலேயே கொடுத்துவிட்டாயாம். டெல்லியிலிருந்து வந்த நடுவர் அதற்கே பரிசு கொடுத்துவிட்டாராம். "கோவிச்சுக்காத கண்ணு. அடுத்த வருசம் உன்ற பேர்லயே போட்டுடலாம்" என்று எழுதியிருந்தாய். கூடவே, அதே மாதிரி இன்னும் ஒன்றிரண்டு இருந்தால் அனுப்பச் சொல்லியிருந்தாய்.

அம்மாவிடம் போய் அழுதேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "ஆரு பேர்ல இருந்தா என்ன கண்ணு, ஊட்டுக்குள்ளதான இருக்குது" என்றாள். அவள் சொன்னது எனக்கு அன்றைக்கு நியாயமாகக்கூடப் பட்டது.

நான் அனுப்பினேன், அண்ணா. அதை மறைக்க முடியாது. ஒரு படம் இல்லை, இன்னும் மூன்று. நீ பிடுங்கிக்கொண்டு போகவில்லை, நானே அட்டையில் கட்டி, ரயில் பார்சலில் போட்டு, ரசீதையும் உனக்குத் தபாலில் அனுப்பினேன். ஏன் அனுப்பினேன்? யார் பெயரில் என்றாலும் பரவாயில்லை, என் படம் மெட்ராஸில் ஒரு சுவரில் தொங்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசைக்கு வெட்கமே இருக்கவில்லை. உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி என்மேலும்தான்.

அப்புறம் நீ பேட்டி கொடுக்க ஆரம்பித்தாய். பேப்பரில் வந்ததைக் கத்தரித்து அனுப்புவாய். இங்கிலீஷில் வந்தால் பக்கத்திலேயே தமிழிலும் எழுதி அனுப்புவாய். அந்தக் காலிக் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "எங்கள் ஊரில் எந்திரச் சத்தம் ஓய்வதே இல்லை. அந்தக் கட்டம் நான் மௌனத்துக்கு விட்ட இடம்" என்று நீ சொல்லியிருக்கிறாய். எங்கே கற்றாய் அந்த மாதிரிப் பேச? அது முப்பத்திரண்டு, முப்பத்துநாலு என்று குத்துகிற இடம் என்று உனக்குத் தெரியாதா? நீ எத்தனை கட்டம் போட்டிருப்பாய் உன் கையால்? பெட்டி அட்டையில் போட்டதைக்கூட ஏழைப் பொருளின் கௌரவம் என்று யாரோ எழுதினார்கள். கான்வாஸ் என்ன நிறம் என்றே எனக்கு அன்றைக்குத் தெரியாது.

நீ திறமை இல்லாதவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. காங்கேயம் காளைகளை வைத்து நீ போட்ட அந்தக் கறுப்புக் கோடுகளை இன்றைக்கும் என்னால் போட முடியாது. ஒரே இழுப்பில் காளையின் முதுகு எழுந்து நிற்கும். அப்படிப்பட்ட கை இருந்தும் என் நாலு எதற்கு உனக்கு?

இதெல்லாம்கூடப் போகட்டும். அந்த ஒரு நாளை மட்டும் நான் விடமாட்டேன். நானும் விடாமல் நச்சரித்ததால், அந்தப் பரிசு வந்து நான்கு வருஷம் கழித்து, நீயே என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கேலரிக்காரர் முன்னால் உட்கார வைத்தாய். புதிதாகப் போட்ட ஆறு படங்களை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். ஆறிலும் பின்பக்கம் ம. தெய்வானை என்று நிதானமாக எழுதியிருந்தேன். சேலைகூடப் புதுசு. இனி என் காலில் நிற்கப்போகிறேன் என்ற நினைப்பு.

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். "கை நல்லா வருதும்மா உங்களுக்கு. ஆனா இது எல்லாமே உங்க அண்ணன் ஸ்டைல். அந்த வெறுமையைக்கூட அப்படியே எடுத்திருக்கீங்க. இந்த ஃபீல்டுல வரணும்னா உங்களுக்குன்னு ஒரு பார்வை வேணும்" என்றார்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாய். டம்ளரிலிருந்து டவராவுக்கும், டவராவிலிருந்து டம்ளருக்கும். அது எப்போதோ ஆறிவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. "இல்லீங்க, அது அவ கை" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? உன் பரிசைப் பிடுங்கியிருப்பார்களா? பிடுங்கினால்தான் என்ன? உனக்குக் காளைகள் இருந்தன. எனக்கு என்ன இருந்தது?

திரும்பி வரும்போது சென்ட்ரல் ஸ்டேஷனில் எனக்கு மல்லிகைப் பூ வாங்கிக் கொடுத்தாய். நான் அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன் பார், அதை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது.

அதற்கப்புறம் உனக்கு ஒரு படமும் அனுப்பவில்லை. நீயும் கேட்கவில்லை. வயசு ஏறிக்கொண்டே போனதில் எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதையும் அம்மா கைவிட்டுவிட்டாள். லேபிள் வேலை மட்டும் நிற்கவில்லை. அங்குலம் போய் சென்டிமீட்டர் வந்தது, முப்பத்திரண்டு எண்பதானது, கட்டம் மட்டும் அதே மூலையில் இருந்தது.

இனி நினைவுக் கண்காட்சி விஷயத்துக்கு வருகிறேன். காதர் பாய்க்கு மெட்ராஸில் ஏதோ ஜோலி, உனக்கு மரியாதை செய்ய அவரும் வந்திருந்தார். வெள்ளை ஜிப்பாவும் தொப்பியுமாக ஒவ்வொரு படத்தின் முன்னாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காளைகளைப் பார்த்து, "வேலு வேலுதான்" என்று தலையாட்டினார். ஆற்றுப் படத்துக்கு வந்தவர் அசையவில்லை. குனிந்து மூலையைப் பார்த்தார். அப்புறம் திரும்பி என்னைத் தேடிப் பிடித்தார்.

"ஏனம்மிணி, இதுல சைஸ் கட்டம் உட்டிருக்குதே. இது உன்ற கை ஆச்சே" என்றார். அவருக்கு ரகசியம் பேச வராது. கேலரிக்காரர், பேச வந்த இரண்டு பெரியவர்கள், மாலை கொண்டுவந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் எத்தனையோ வருஷமாக எதிர்பார்த்த வார்த்தை. அதைச் சொல்ல உனக்குப் பதிலாகக் காதர் பாய் வரவேண்டியிருந்தது. "ஆமாங்க பாய், நான் போட்டதுதானுங்க" என்றேன். 

கேலரிக்காரர் என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு டைப் அடித்த காகிதம். பதின்மூன்று படங்களும் காலஞ்சென்ற வேலுச்சாமி வரைந்தவை என்று குடும்பத்தாராகிய நாங்கள் உறுதி சொல்கிறோம் என்று அதில் இருந்தது. அம்மாவும் அண்ணியும் ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். என் இடம் மட்டும் காலி. டெல்லியில் ஒரு ஓவியக் கூடத்தார் ஆற்றுப் படத்தை வாங்கப் போகிறார்கள், அதற்கு இந்தக் காகிதம் வேண்டும் என்றார்.

"நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம்மா" என்றார். "ஆனா இப்ப அதைச் சொன்னா, மத்த ஒன்பது படத்தையும் சந்தேகப்படுவாங்க. உங்க அண்ணன் பேரே போயிடும். உங்க அண்ணியை யோசிச்சுப் பாருங்க." பிறகு, "வர்ற வருஷம் புதுசா வர்றவங்களுக்கு ஒரு ஷோ வைக்கிறேன். உங்களுக்குன்னு ஒரு சுவர் தர்றேன். வேலுச்சாமியோட தங்கச்சின்னு போட்டா ஜனங்க வந்து பார்ப்பாங்க" என்றார்.

பொய் சொல்லக்கூடாது, அண்ணா. நான் அந்தப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன். ஒரு முழுச் சுவர். ஆறு படம், நெருக்கி மாட்டினால் எட்டு. எந்தப் படம் எங்கே என்றுகூட அந்த அரை நிமிஷத்தில் மனசு கணக்குப் போட்டுவிட்டது. அப்புறம்தான் விளங்கியது. இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தச் சுவரில் நான் எதை மாட்டினாலும், அது செத்துப்போன அண்ணனைப் பார்த்துத் தங்கை போட்ட நகல். ஆயுசு முழுக்க என் கையை நானே காப்பி அடித்தவளாக இருப்பேன். மூடியைத் திரும்பப் போட்டு, பேனாவைக் காகிதத்தின் மேலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அண்ணியிடம் நானே சொன்னேன். வேறு யார் சொல்லியும் அவளுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். உன் வீட்டுச் சமையல்கட்டில், அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நாலு படத்தையும் பெயர் சொல்லிச் சொன்னேன்.

அவள் கையை நிறுத்தவில்லை. துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். பிறகு, "அந்த ஆத்துப் படத்தப் பேப்பர்ல பாத்துட்டுத்தானுங்க எங்கப்பா உங்க ஊட்டுல பொண்ணு குடுக்கச் சம்மதிச்சாரு" என்றாள். "எனக்கும் அதப் பாத்துத்தானுங்க புடிச்சுது. இப்புடியும் போட முடியுமான்னு."  எங்களை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வரவில்லை.

பார்த்தாயா உன் வேலையை? புருஷனைப் பறிகொடுத்த பெண்ணிடமிருந்து, அவள் அவனை முதல் முதலாக விரும்பிய காரணத்தையும் பிடுங்கும் வேலையை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இதை நீயல்லவா சொல்லியிருக்க வேண்டும்? கல்யாணத்துக்கு முந்தின நாள் சொல்லியிருந்தால் அவள் ஒருவேளை சிரித்திருப்பாள். அப்படியும் உன்னையே கல்யாணம் பண்ணிக்கொண்டிருப்பாள்.

 ரயில் ஈரோடு தாண்டியதும் அம்மா, "நான் அன்னைக்கு ஊட்டுக்குள்ளதான இருக்குதுன்னு சொன்னேனல்ல கண்ணு" என்றாள். "ஆமாங்கம்மா" என்றேன். "தப்பாச் சொல்லிப்போட்டேன்" என்றாள். உன்னிடமிருந்து வரவேண்டியது, கண்ணே சரியாகத் தெரியாத அந்த மனுஷியிடமிருந்து வந்தது.

டெல்லிக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள். கேலரிக்காரர் எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். நான் உன் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்றும், பெயர் தெரியாத ஒருத்தியின் படத்தை யாரும் வாங்கமாட்டார்கள் என்றும், சுவர் விஷயத்தை மறந்துவிடலாம் என்றும் எழுதியிருந்தார். படங்கள் சட்டப்படி அண்ணிக்குத்தான் சேரும் என்பதையும் மறக்காமல் எழுதியிருந்தார். நான் பதில் போடவில்லை.

நேற்று அண்ணியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நலம், நலமறிய ஆவல் எல்லாம் இல்லை. "உங்க நாலு படத்தையும் ரயில் பார்சலில் போட்டிருக்கேன். வந்து சேர்ந்ததும் எழுதவும்." உங்க என்று எழுதியிருந்தாள், அண்ணா. நீ ஒரு நாளும் எழுதாத வார்த்தையை, அதனால் எல்லாவற்றையும் இழந்தவள் பதினைந்து பைசாக்கூட ஆகாத ஒரு கார்டில் எழுதிவிட்டாள். கார்டை வைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். உனக்காக அழுதது அதுதான் முதல் தடவை. மெட்ராஸில் என் கண்ணிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது உண்மைதான்.

இனி என்ன செய்வேன் என்று கேட்கிறாயா? எனக்கு முப்பத்திரண்டு வயது முடிந்துவிட்டது. மெட்ராஸில் ஒரு கதவும் இல்லை. ஆற்றுப் படத்தை எந்தக் கண்காட்சிக்கும் அனுப்ப முடியாது, அது உன் பெயரில் பரிசு வாங்கிய படம். புதிதாகப் போட்டு அனுப்பினால் வேலுச்சாமி மாதிரி இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார்கள். கையை மாற்றிக்கொள் என்று நல்லவர்களும் சொல்வார்கள். மாற்றிக்கொள்ள மாட்டேன். எடுத்துக்கொண்டு போனவன் நீ, என் கை ஏன் மாற வேண்டும்?

உன் ஒன்பது படங்களைப் பற்றி யாராவது ஒரு சொல் குறைவாகப் பேசினால் முதலில் சண்டைக்கு வருகிறவள் நானாகத்தான் இருப்பேன். அவை உன்னுடையவை, அதற்கு எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். என் நாலுக்கு நான் யாரிடமும் போய்ச் சாட்சி சொல்லப் போவதில்லை. போட்டுக்கொண்டே இருப்பேன். திருப்பி அனுப்ப அனுப்பப் போடுவேன். நாற்பது, எண்பது, கை விழும்வரை போடுவேன். எல்லாவற்றையும் ஒரு நாள் யாராவது வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, அந்த நாலும் யாருடையவை என்று கேட்கவே தோன்றாது. இது சத்தியம்.

அன்றைக்கும் உன்னை மன்னிப்பேனா என்று தெரியவில்லை. அதற்கு நீ எதிரில் வந்து உட்கார்ந்து, கையில் காப்பி இல்லாமல், என் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். உன்னால் வர முடியாது. என் கோபமெல்லாம் கடைசியில் இதுதான், அண்ணா.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவள்,
உன் தங்கை,
ம. தெய்வானை
திருப்பூர்